ஜெர்மனியின் இடைக்காலச் சந்தைகளில் நிகழ்ச்சி நடத்த விரும்புவோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடையில் ஜெர்மனியின் ஏதாவது ஒரு கோட்டை மைதானத்திலோ பழைய நகரச் சதுக்கத்திலோ வார இறுதிதோறும் இடைக்காலச் சந்தை கூடும். கொல்லன் உலை, வில்வித்தை, பந்தெறி வித்தை, பாட்டு, இருட்டினால் நெருப்பு விளையாட்டு என்று ஊரே களைகட்டும். இப்படிப்பட்ட சந்தைகளில் சுற்றும் ஒரு சிறிய இசைக்குழுவில் மேளம் அடிப்பவன் நான். படிக்க வந்தவர்கள், வேலைக்கு வந்தவர்கள் என்று நம்மவர்கள் சிலர், என்னைப் பார்த்ததும் ஓரமாக அழைத்துக் கேட்கும் கேள்விகள் இவை. சட்டம், வரி பற்றிய பதில்கள் ஜெர்மனிக்கு மட்டுமே பொருந்தும்.

இடைக்காலச் சந்தையும் வரலாற்று மறுநிகழ்வும் ஒன்றுதானே?

இல்லை. இந்த வேறுபாடு பிடிபடாமல் உள்ளே வந்தால் உடை முதல் பாட்டு வரை எல்லாவற்றிலும் முட்டிக்கொள்வீர்கள்.

சந்தை என்பது கேளிக்கையும் வியாபாரமும். 10ஆம் நூற்றாண்டு வைக்கிங், 15ஆம் நூற்றாண்டுக் கூலிப்படை வீரன், கடற்கொள்ளைக்காரன், முதுகில் இறக்கை ஒட்டிய வனதேவதை எல்லாரும் ஒரே வரிசையில் நின்று தேன்மது வாங்குவார்கள். யாரும் யாரையும் ஆண்டு கேட்பதில்லை.

மறுநிகழ்வு அப்படியல்ல. வரலாற்றில் நடந்ததை நடந்தபடியே நடித்துக் காட்டுவது அது. ஓர் இடம், ஓர் ஆண்டு, அதற்குள் அடங்கும் பொருள்கள் மட்டும். போலந்தில் கிரன்வால்ட் களத்தில் 1410ஆம் ஆண்டுப் போரை ஆண்டுதோறும் ஜூலையில் நடத்துகிறார்கள். இங்கிலாந்தில் 1066ஆம் ஆண்டு ஹேஸ்டிங்ஸ் போரை அது நடந்த நிலத்திலேயே அக்டோபரில் நடத்துவார்கள். ஜெர்மனியில் இதன் உச்சம் லான்ட்ஸ்ஹூட் திருமணம். பவேரிய இளவரசர் கியோர்க்குக்கும் போலந்து இளவரசி ஹெட்விக்குக்கும் 1475இல் நடந்த திருமணத்தை அந்த ஊர் மக்கள் 1903 முதல் நடித்துக் காட்டி வருகிறார்கள். இப்போது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. சென்ற முறை 2023, அடுத்தது 2027. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேடம் கட்டுகிறார்கள். ஆண்களுக்குச் சவுரி கிடையாது, சொந்த முடியைத்தான் வளர்க்க வேண்டும். விழா ஆண்டில் அந்த ஊருக்குப் போனால், வங்கியில் பணம் எண்ணுபவரும் பேருந்து ஓட்டுபவரும் தோள்வரை முடியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். ஊர்க்காரர்களுக்கான விழா அது. வெளியூர்க்காரருக்கு அங்கே வேடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவையும் உண்டு. ஸ்வீடனின் காட்லாந்துத் தீவில் விஸ்பி நகரில் 1984 முதல் ஆகஸ்டில் ஒரு வாரம் இடைக்கால விழா நடக்கிறது. டென்மார்க் அரசர் வால்டெமார் 1361இல் அந்தத் தீவைப் பிடித்த கதைதான் அதன் முதுகெலும்பு. ஆனால் மதிலுக்குள் நடக்கும் சந்தையும் கச்சேரியும் தாராள மனதுடையவை.

மறுநிகழ்வுக்காரர்களில் சிலர் சந்தைக்காரர்களைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். பதிலுக்குச் சந்தைக்காரர்கள், எது அசல் என்று தீர்ப்புச் சொல்லும் ‘அசல் போப்பாண்டவர்கள்’ என்று அவர்களைக் கேலி செய்வார்கள். என் கட்சி எளிது. பார்க்க வந்தவரிடம் எதைக் காட்டுவதாகச் சொன்னீர்களோ அதைக் காட்டுங்கள். அருங்காட்சியகம் ஏற்பாடு செய்த முகாமில் உட்கார்ந்துகொண்டு ‘அந்தக் காலத்தில் இப்படித்தான் வாசித்தார்கள்’ என்று கற்பனையை அவிழ்த்துவிடுவது மோசடி. சந்தை மேடையில் அதே வாத்தியத்தை வைத்துக் கூட்டத்தை ஆட வைப்பது நேர்மையான பிழைப்பு.

எந்த மாதங்களில் நடக்கும்? எங்கே போய்ப் பார்ப்பது?

ஈஸ்டரில் தொடங்கி அக்டோபர் வரை. பிறகு நவம்பர் கடைசியிலிருந்து கிறிஸ்துமஸ் சந்தைகள் தொடங்கும். எஸ்லிங்கன், சீக்புர்க் ஆகிய ஊர்களில் கிறிஸ்துமஸ் சந்தையே இடைக்காலக் கோலத்தில் நடக்கும். பெரும் செலவில், குதிரைச் சாகசத்தோடு பார்க்க வேண்டுமென்றால் மியூனிக்குக்கு மேற்கே கால்டன்பெர்க் கோட்டையில் ஜூலையில் நடக்கும் வீரர் பந்தயத்துக்குப் போகலாம். ஆனால் நிகழ்ச்சி நடத்தும் எண்ணத்தோடு பார்ப்பவர்கள் முதலில் சின்ன ஊர்ச் சந்தைக்குப் போங்கள். பெரிய விழாவில் கலைஞர்கள் மேடையில் என்ன செய்கிறார்கள் என்பதுதான் தெரியும். சின்னச் சந்தையில், மேடைக்குப் பின்னால் அவர்கள் என்ன பாடு படுகிறார்கள் என்பதும் தெரியும்.

என்ன மாதிரியான நிகழ்ச்சிகளுக்கு இடம் இருக்கிறது?

இசைக்குழு, பந்தும் தீப்பந்தமும் எறிந்து பிடிப்பவர், பொய்க்கால் நடை, பொம்மலாட்டம், கதைசொல்லி, கோமாளி, கழுகும் பருந்தும் பறக்கவிடுபவர், வாள்சண்டைக் குழு, நெருப்பு வித்தை. இதற்கு மேல், மேடையே இல்லாமல் கூட்டத்துக்குள் நடந்துகொண்டே வம்பு வளர்ப்பவர்கள் உண்டு. தொழுநோயாளியாகப் பிச்சை கேட்பவர், வரி வசூலிப்பவர், பாவமன்னிப்புச் சீட்டு விற்கும் போலிச் சாமியார். என்னைக் கேட்டால் இவர்கள் வேலைதான் இருப்பதிலேயே கடினம். ஒளிந்துகொள்ள ஒரு மேடைகூட இல்லை, நாள் முழுக்க வாய் ஓயக் கூடாது.

இசைக்குழுவுக்குப் பொதுவாக ஒரு நாளில் மூன்று முதல் ஐந்து முறை, ஒவ்வொன்றும் அரை மணி நேரம் வாசிக்க வேண்டியிருக்கும். இடையில் ஒன்றிரண்டு முறை சந்தையைச் சுற்றி ஊர்வலமாக வாசித்து வர வேண்டும். சனிக்கிழமை காலை பதினொன்று முதல் இரவு பத்தரை வரை, ஞாயிறு மாலை ஆறு மணி வரை. வெள்ளிக்கிழமையே போய்க் கூடாரம் அடித்தாக வேண்டும். சனிக்கிழமை திறப்பதற்கு முன் கார்கள் எல்லாம் மைதானத்தை விட்டு வெளியேறியிருக்க வேண்டும்.

எந்த வாத்தியம் கற்றுக்கொண்டால் உடனே வாய்ப்பு வரும்?

தோற்பை வாத்தியம், அதாவது பேக்பைப். ஜெர்மானியச் சந்தை என்றாலே அதன் அலறல்தான். ஒலிபெருக்கி இல்லாத மைதானத்தில், பன்றி வறுக்கும் சத்தத்தையும் மீறி நூறு அடிக்கு அப்பால் இருப்பவரை அழைக்க வேறு கருவி போதாது.

ஆனால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். சந்தைகளில் இன்று காதைப் பிளக்கும் அந்தக் குறிப்பிட்ட வகை 1980களில் உருவானது. வடிவத்துக்கு முன்மாதிரி, மிக்கேல் பிரெட்டோரியுஸ் 1619–20இல் வெளியிட்ட இசைக்கருவி நூலின் படங்கள். அதுவும் இடைக்காலம் முடிந்து ஒரு நூற்றாண்டு கழிந்த பிறகு வந்த நூல். கொம்பும் ஆட்டுத்தோலும் பார்க்க எவ்வளவு பழையதாகத் தெரிந்தாலும் சரி, அதை வைத்துக்கொண்டு 1250ஆம் ஆண்டைக் காட்டும் மறுநிகழ்வு முகாமுக்குள் போனால் வாசலிலேயே நிறுத்துவார்கள்.

ஹர்டி-கர்டிக்கு வம்சாவளி இன்னும் உறுதியானது. கைப்பிடியைச் சுற்றினால் மரச்சக்கரம் தந்திகளை உரசி ஒலி எழுப்பும் கருவி அது. அதன் முன்னோடியை ஸ்பெயினில் சாந்தியாகோ தேவாலயத்தின் வாயிற்சிற்பத்தில் பார்க்கலாம். 1188ஆம் ஆண்டு வேலைப்பாடு. அதில் இரண்டு பேர் சேர்ந்து ஒரே கருவியை மடியில் வைத்து வாசிக்கிறார்கள், ஒருவர் சக்கரம் சுற்ற, மற்றவர் சுரம் பிடிக்கிறார். வாங்குவதற்கு முன் யாராவது ஹர்டி-கர்டிக்காரர் பக்கத்தில் ஓர் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். தந்தி சக்கரத்தைத் தொடும் இடத்தில் பஞ்சை மெல்லிசாகப் பிரித்து, விரலால் உருட்டிச் சுற்றிக்கொண்டிருப்பார். பஞ்சு கூடினால் ஒலி மழுங்கும், குறைந்தால் கிறீச்சிடும். சக்கரத்தில் தடவிய குங்கிலியம் வெயிலில் இளகும், குளிரில் இறுகும். வாசிக்கும் நேரத்தைவிடச் சீர்செய்யும் நேரம் அதிகம். பொறுமை இல்லாதவர்களுக்கு இது தோதுப்படாது.

நிக்கல்ஹார்ப்பா என்ற விசைப்பலகை வில்வாத்தியத்துக்கோ பேக்பைப்பின் கதிதான். காட்லாந்தில் ஷெல்லுங்கே தேவாலய வாயிலில் 1350ஐ ஒட்டிய புடைப்புச் சிற்பம் இருக்கிறது. அதைத்தான் எல்லாரும் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் சந்தையில் கையில் பிடித்திருப்பது 20ஆம் நூற்றாண்டில் திருத்தி அமைக்கப்பட்ட வடிவம்.

பறை வாசிக்கலாமா? சிலம்பம் சுற்றலாமா?

சந்தையில் தாராளமாக. மறுநிகழ்வில் கூடாது.

சந்தைக் குழுக்கள் பெரும்பாலும் அடிப்பது டாவுல் என்ற பால்கன், துருக்கி மேளம். நான் அடிப்பதும் அதுதான். ஒரு பக்கம் தடித்த கம்பு, மறு பக்கம் மெல்லிய பிரம்பு. தவில் பார்த்து வளர்ந்தவனுக்கு முதல் நாளே கை பழகிவிடும். ஜெர்மானிய இடைக்காலத்துக்கு அது தூரத்துச் சொந்தம்தான், ஆனாலும் சந்தையில் யாரும் சாதகம் கேட்பதில்லை. அந்த மேளத்துக்கு இருக்கும் இடம் பறைக்கும் உண்டு. ஒரு சௌகரியமும் இருக்கிறது. மாலைப் பனியில் தோல் தொய்ந்தால் காய்ச்சுவதற்கு முகாமில் எப்போதும் நெருப்பு எரிந்துகொண்டிருக்கும். தவறாமல் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அறிமுகத்தில் இது தென்னிந்தியப் பறை என்று சொல்லிவிடுங்கள். ‘பழங்கால ஜெர்மானியப் போர்முரசு’ என்று அறிவிப்பாளர் அள்ளிவிட்டால் அங்கேயே திருத்துங்கள்.

சிலம்பத்துக்குக் கலை அனுமதியைவிட இட அனுமதிதான் சிக்கல். சுற்றிலும் கயிறு கட்டிய களமும், பிறருக்கு அடிபட்டால் ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீடும் இல்லாமல் எந்த ஏற்பாட்டாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒப்புக்கொண்டால் நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

பாட்டு எல்லாம் எழுநூறு ஆண்டுப் பழையது. பதிப்புரிமைத் தொல்லை இருக்காது அல்லவா?

இதில் விழுந்து எழாத குழு குறைவு. ஜெர்மனியில் பதிப்புரிமை படைப்பாளி இறந்து 70 ஆண்டு வரை நீடிக்கும். இசை உரிமைக் கட்டணத்தை வசூலிக்கும் சங்கம் கேமா. மேடையில் என்ன வாசிக்கிறீர்கள் என்ற பட்டியலை ஏற்பாட்டாளர் அங்கே கொடுக்க வேண்டும். உரிமை முடிந்த மெட்டுகள் மட்டும் வாசிக்கும் குழு என்றால் அவருக்குச் செலவு மிச்சம். அதனால் அப்படிப்பட்ட குழுவுக்கு வரவேற்பு அதிகம்.

சிக்கல் எங்கே என்றால், பழையது என்று எல்லாரும் நம்பும் பாட்டில் பாதி பழையது இல்லை. கார்மினா புராணா கவிதைகள் 1230ஐ ஒட்டிய கையெழுத்துப் படியில் உள்ளவை. பவேரியாவின் பெனடிக்ட்பாயர்ன் மடத்தில் 1803இல் கிடைத்தது, இப்போது மியூனிக் அரசு நூலகத்தில் இருக்கிறது. அந்தக் கவிதைகள் பொதுச்சொத்து. ஆனால் உலகமே முணுமுணுக்கும் மெட்டு இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் 1937இல் அரங்கேற்றியது. அவர் இறந்தது 1982இல். ஆகவே 2052 முடியும்வரை அது அவர் வாரிசுகளின் சொத்து. கையெழுத்துப் படியிலோ சில பாடல்களுக்கு மட்டும்தான் இசைக்குறி உண்டு, அதுவும் கோடில்லாத குறி. சுரம் ஏறுகிறது, இறங்குகிறது என்று தெரியும், எந்தச் சுரம் என்று தெரியாது. வேறு படிகளில் அதே பாட்டு கிடைத்தால்தான் மெட்டை மீட்க முடியும்.

இன்னொரு பொறி டூர்டியோன். மெட்டு 1530இல் பாரிஸில் அச்சான நடன இசை. அதைப் பிரெஞ்சு மொழியில் திராட்சை மது பற்றிய வரிகளோடு பாடுவார்களே, அந்த வரிகள் 20ஆம் நூற்றாண்டில் சேர்ந்தவை. மெட்டை ஊதலாம், பாடுவதற்கு முன் யோசியுங்கள். சந்தைக்குச் சந்தை ஒலிக்கும் ‘ஹெர் மன்னலிக்’கும் ஸ்வீடனில் 19ஆம் நூற்றாண்டில் சேகரித்த நாட்டுப்பாடல். உரிமைச் சிக்கல் இல்லை, ஆனால் மறுநிகழ்வு முகாமில் அதைப் பாடினால் போப்பாண்டவர்கள் விட மாட்டார்கள்.

நம்பிக்கையாகப் பிடித்துக்கொள்ள வேண்டியவை: ஸ்பெயினில் காஸ்டீல் அரசர் பத்தாம் அல்போன்சோ காலத்தில் 13ஆம் நூற்றாண்டில் தொகுத்த கன்னி மரியாள் பாடல்கள். நானூறுக்கு மேல் இருக்கின்றன, பெரும்பாலானவை மெட்டோடு கிடைக்கின்றன. பாலஸ்தீனப் பயணம் பற்றி இடைக்கால ஜெர்மானியக் கவிஞர் வால்டர் ஃபொன் டேர் ஃபோகல்வைடே பாடிய பாட்டு. ஸ்பெயினின் மொன்செராட் மடத்துச் சிவப்பு நூலிலுள்ள யாத்திரிகர் பாடல்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: மெட்டு பொதுச்சொத்தாக இருந்தாலும், இன்னொரு குழு அதற்குச் செய்த இசையமைப்பு பொதுச்சொத்து இல்லை. குறுந்தகட்டில் கேட்டதை அப்படியே படியெடுக்காதீர்கள். மூலத்துக்குப் போய் நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள்.

உடை எங்கே வாங்குவது?

முதல் ஆண்டு வாங்காதீர்கள், தையுங்கள். லினன் உள்ளங்கி, மேலே கம்பளி அங்கி, இடைவார், தோல் காலணி. இவை போதும். திருவிழாக் கடைகளில் தொங்கும் பளபளப்பான வெல்வெட் உடை வேண்டாம். பாலியஸ்டரில் ஒரு தீப்பொறி விழுந்தால் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கம்பளி கருகும், அவ்வளவுதான். முகாம் நெருப்புக்குப் பக்கத்தில் நாள் கழிப்பவர்களுக்கு இது அழகுப் பிரச்சினை அல்ல.

கைக்கடிகாரம், விளையாட்டுக் காலணி, முகப்பூச்சு ஆகியவற்றைக் கழற்றிவிட்டால் பாதி வேடம் முடிந்தது. மூக்குக்கண்ணாடிக்குச் சந்தையில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

நம் நிறத்தைப் பார்த்து ஏதாவது சொல்வார்களா?

கேட்பார்கள். ‘நீங்கள் எந்த நாடு?’ என்பது கூச்சமில்லாமல் வரும் கேள்வி. பெரும்பாலும் வெறும் ஆர்வம்தான், ஒரு சிரிப்போடு முடிந்துவிடும். அதைவிட எரிச்சலூட்டுவது ஏற்பாட்டாளரின் யோசனை. எங்கள் குழுவுக்கு ஓர் அழைப்பு வந்தபோது, எனக்கு மட்டும் தலைப்பாகையும் சரிகை அங்கியும் போட்டு ‘கீழைத் தேசத்து இளவரசன்’ ஆக்கினால் நன்றாயிருக்கும் என்றார் ஒருவர். பல சந்தைகளில் ‘கீழைத் தேசம்’ என்று ஒரு மூலை இருக்கும். ஹூக்கா, மெத்தை, இடுப்பு நடனம் எல்லாம் அங்கே உண்டு. அதில் நம்மைக் கொண்டுபோய் உட்கார வைக்கப் பார்ப்பார்கள். விருப்பமிருந்தால் உட்காருங்கள், இல்லையென்றால் மறுக்கத் தயங்காதீர்கள். நான் மற்றவர்கள் உடுத்தும் அதே சாம்பல் கம்பளியைத்தான் உடுத்துகிறேன்.

‘அந்தக் காலத்தில் இங்கே கறுப்பாக யார் இருந்தார்கள்?’ என்று வாதத்துக்கு வருபவரை மாக்டபுர்க் பேராலயத்துக்கு அனுப்புங்கள். அங்கே 1240களில் செதுக்கிய புனித மொரீஷியஸ் சிலை இருக்கிறது. உடல் முழுக்க வலைக்கவசம் அணிந்த மாவீரர், முகம் சந்தேகமில்லாமல் ஆப்பிரிக்க முகம். அதைச் செதுக்கி, ஜெர்மானியப் பேரரசின் காவல் புனிதராக வணங்கியவர்கள் 13ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர்கள்தான்.

ஜெர்மன் எவ்வளவு தெரிய வேண்டும்?

வாத்தியக்காரருக்குக் கொஞ்சம் போதும். கதைசொல்லிக்கும் கோமாளிக்கும் நிறைய வேண்டும். சந்தையில் பேசும் பழம்பாணி மொழி யாரும் எந்தக் காலத்திலும் பேசியதில்லை. ‘வணக்கம் உரித்தாகுக’ என்ற தோரணையில் வாக்கியத்தை நீட்டி முழக்குவதுதான் அது. நிஜமான 13ஆம் நூற்றாண்டு ஜெர்மன் பேசினால் எதிரில் நிற்பவருக்கு ஒன்றும் விளங்காது. யூரோவைத் ‘தாலர்’ என்பார்கள். தாலர் நாணயம் போஹேமியாவின் யோகிம்ஸ்தால் பள்ளத்தாக்கில் 1520 வாக்கில் அடிக்கத் தொடங்கியது, அதாவது இடைக்காலம் மூட்டை கட்டிய பிறகு. நீங்களும் தாலர் என்றே சொல்லிவிட்டுப் போங்கள், சந்தையில் அதற்குச் சண்டை பிடிக்க முடியாது.

பணம் எப்படி வரும்?

மூன்று வழி. ஒப்பந்தக் கூலி, தொப்பிக் காசு, குறுந்தகடு போன்ற பொருள் விற்பனை. சில சந்தைகளில் கூலியோடு தொப்பி நீட்டவும் அனுமதி உண்டு, சிலவற்றில் தொப்பி மட்டும்தான். இது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். பெட்ரோல் செலவு, சாப்பாட்டுச் சீட்டு, விறகு, வைக்கோல், எத்தனை பேருக்குக் கூடார இடம், மழையால் நின்றால் கூலி உண்டா என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

தொப்பி ஒரு தனிக் கலை. நல்ல பந்தெறிக்காரரை ஒருமுறை கவனியுங்கள். ஆள் இல்லாத புல்தரையில் கயிற்றை வட்டமாகப் போடுவார். பக்கத்தில் நிற்கும் ஒரு சிறுமியை அழைத்து, கயிற்றின் மேல் உட்காரச் சொல்வார். அவள் உட்கார்ந்தால் அப்பா அம்மா நின்றுவிடுவார்கள். நாலு பேர் நின்றால் நாற்பது பேர் எட்டிப் பார்ப்பார்கள். சின்ன வித்தை, அடுத்து ஒரு பெரிய வித்தை, இடையில் வேண்டுமென்றே ஒரு பந்தைத் தவறவிட்டு ஒரு சிரிப்பு. கடைசி வித்தைக்குத் தீப்பந்தங்களைக் கொளுத்தி, கையில் எடுத்து, எறியாமல் அப்படியே நிறுத்துவார். தொப்பிப் பேச்சு வருவது அங்கேதான். வித்தை முடிந்த பிறகு பேசினால் கூட்டம் கலைந்துவிடும். ‘இந்த அரைமணி நேரம் ஒரு கோப்பை தேன்மதுவின் விலை பெறும் என்று நினைத்தால் அதைப் போடுங்கள், கையில் இல்லாதவர் கைதட்டிவிட்டுப் போங்கள்’ என்பார். ஓர் அளவு சொல்லிவிட்டதால் சில்லறை தேடிய கை தாளைத் தேடும். இலவசம் என்று முதலிலேயே அறிவித்துவிட்டு, கடைசியில் கெஞ்சும் கலைஞர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். வேலைக்குக் கூலி கேட்பதில் கூச்சம் எதற்கு?

வரி, விசா?

மாணவர் விசாவில் இருப்பவர்கள் கவனம். உங்களுக்கு அனுமதித்த வேலை நாட்கள் சம்பள வேலைக்கானவை. கலைஞராகச் சொந்தத் தொழில் செய்து பில் எழுத, வெளிநாட்டவர் அலுவலகத்தின் தனி அனுமதி வேண்டும். தொப்பிக் காசும் வருமானம்தான். சுற்றுலா விசாவில் வந்து கூலிக்கு வாசிப்பதை நினைக்கவே வேண்டாம்.

இங்கேயே வசித்துத் தொழிலைப் பதிந்துகொண்டவர்களுக்கு, முந்தைய ஆண்டு வரவு 25,000 யூரோவுக்குள் இருந்தால் விற்பனை வரி வசூலிக்காத சிறுதொழில் சலுகை கிடைக்கும். வெளிநாட்டில் வசிக்கும் கலைஞர் என்றால் ஏற்பாட்டாளரே வரி பிடித்துக் கட்ட வேண்டும். ஒரு நிகழ்ச்சிக்கு 250 யூரோ வரை பிடித்தம் இல்லை. அதைத் தாண்டினால் 15 சதவீதமும் அதன்மேல் ஒரு சிறு கூடுதல் வரியும் போகும். கேட்ட கூலிக்கும் கைக்கு வந்த கூலிக்கும் இடையே துண்டு விழுந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

வாள்சண்டைக் குழுவில் சேர வேண்டும்.

உடனே களத்தில் இறக்க மாட்டார்கள். குளிர்காலம் முழுக்கப் பள்ளி விளையாட்டுக் கூடத்தில் பயிற்சி எடுத்துவிட்டு வாருங்கள். வாளின் விளிம்பு குறைந்தது 2 மில்லிமீட்டர் தடிப்பாக இருக்க வேண்டும், முனை உருண்டையாக இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. ஒவ்வொரு சண்டைக்கு முன்பும் விரலால் தடவிப் பார்த்து, அடிபட்டு எழுந்த பிசிறுகளை அரத்தால் தேய்ப்பார்கள். மொட்டை வாள்கூடக் கைவிரலை முறிக்கும், ஆகவே தலைக்கவசத்தைவிடக் கையுறைக்கு முதலில் செலவழியுங்கள்.

பொது விழாக்களில் ஆயுதம் வைத்திருக்க ஜெர்மானியச் சட்டம் தடை விதிக்கிறது. நிகழ்ச்சி நடத்துபவருக்கு விலக்கு உண்டு, அதுவும் நிகழ்ச்சிக்காக மட்டும். ரயிலில் இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள். பூட்டிய பெட்டியில்தான் கொண்டுபோக வேண்டும்.

நெருப்பு வித்தையைச் சொந்தமாகப் பழகிக்கொள்ளலாமா?

சுழற்றுவதை ஓர் ஆசிரியரிடம் பழகலாம். முதலில் கொளுத்தாத பந்தத்தோடு, பிறகு ஈரத்துணியோடு ஒருவர் பக்கத்தில் நிற்க. எண்ணெயில் நனைத்த பந்தத்தை அப்படியே கொளுத்தாமல், மிச்ச எண்ணெய் தெறித்து விழும்வரை ஒரு வாளிக்குள் சுற்ற வேண்டும். இதைச் சோம்பலால் விட்டவர்கள் முன்வரிசைப் பார்வையாளர்மேல் தீத்துளி தெளித்திருக்கிறார்கள்.

வாயால் நெருப்பு உமிழ்வது வேறு. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. பெட்ரோலிய எண்ணெய் ஒரு சொட்டு மூச்சில் இறங்கினால் நுரையீரல் வெந்து வீங்கும். மருத்துவ நூல்களில் ‘நெருப்பு விழுங்குபவர் நுரையீரல்’ என்றே அதற்குப் பெயர் இருக்கிறது. எண்ணெயே இல்லாமல் லைக்கோபோடியம் என்ற செடியின் வித்துத்தூளை ஊதிப் பற்றவைப்பவர்கள் இருக்கிறார்கள். அதையும் பழகியவரிடம்தான் கற்க வேண்டும்.

கோடை வறண்டால் எல்லாமே ரத்தாகலாம். காட்டுத்தீ அபாயத்தை 1 முதல் 5 வரை நிலைகளாக அறிவிப்பார்கள். நிலை ஏறினால் தீயணைப்புத் துறையோ ஊர் நிர்வாகமோ நெருப்பைத் தடை செய்துவிடும். நெருப்பில்லாத மாற்று நிகழ்ச்சி ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

சாப்பாடு?

சந்தையில் வறுத்த இறைச்சி, ரொட்டி, கஞ்சி, காளான் வறுவல் எல்லாம் கிடைக்கும். சைவர்களுக்கும் கவலையில்லை. மறுநிகழ்வு முகாமில் உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய், மக்காச்சோளம் எதுவும் பாத்திரத்தில் இருக்கக் கூடாது. எல்லாம் கொலம்பஸுக்குப் பிறகு வந்தவை. காரத்துக்கு மிளகும் இஞ்சியும் தாராளமாகப் போடலாம். நம் மலபார்க் கரையிலிருந்து போன மிளகுதான் அவர்களுடைய ஆடம்பரம். நூரம்பெர்க் பணக்கார வணிகர்களை ‘மிளகு மூட்டைகள்’ என்று ஊரார் திட்டியிருக்கிறார்கள். பணக்காரர் கல்யாணம் என்றால் அளவே கிடையாது: லான்ட்ஸ்ஹூட் திருமணத்துக்கு 323 எருதுகள், 40,000 கோழிகள் என்று கணக்கு இருக்கிறது.

குழந்தையை அழைத்து வரலாமா?

வரலாம். முகாம்களில் குழந்தைகள் நிறையவே ஓடித் திரியும். மேடைக்குப் பக்கத்தில் நின்றால் காதுக் கவசம் மாட்டுங்கள். பிளாஸ்டிக் என்று யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

மழை பெய்தால்?

வாசிப்போம். தோல் வாத்தியங்களும் மரச்சக்கரமும் உள்ளே போய்விடும். குழலும் குரலும் வெளியே நிற்கும். புயல் எச்சரிக்கை வந்தால் சந்தை மேற்பார்வையாளர் மைதானத்தைக் காலி செய்யச் சொல்வார். அப்போது விவாதம் வேண்டாம், கூடாரக் கயிற்றை இறுக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

முதல் வாய்ப்பை எப்படிப் பிடிப்பது?

அடுத்த ஆண்டுக்கான குழுக்களை இலையுதிர் காலத்திலேயே தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிடுவார்கள். வசந்தத்தில் விழித்துக்கொண்டு எழுதினால் அடுத்த ஆண்டுதான். ஒரு பக்கக் கடிதம், திறந்த வெளியில் நிஜமான கூட்டத்தின் முன் எடுத்த மூன்று நிமிடக் காணொளி, எத்தனை பேர், எவ்வளவு இடம் வேண்டும், பதிப்புரிமைப் பட்டியல், காப்பீட்டுச் சான்று. இவ்வளவுதான் அனுப்ப வேண்டியது. அறைக்குள் எடுத்த அழகான காணொளியை ஏற்பாட்டாளர்கள் நம்புவதில்லை. காற்றிலும் கூச்சலிலும் நீங்கள் எப்படி ஒலிக்கிறீர்கள் என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அதற்கு முன், உடை தைத்துக்கொண்டு ஏதாவது ஒரு சந்தைக்குப் பார்வையாளராகப் போங்கள். வேடமிட்டு வருபவர்களுக்குப் பல இடங்களில் நுழைவுச் சீட்டு மலிவு. மாலையில் குழுக்கள் ஓய்ந்து நெருப்பைச் சுற்றி உட்கார்ந்த பிறகு, கருவியைத் தூக்கிக்கொண்டு போய், கொஞ்சம் தள்ளி நின்று, சேர்ந்துகொள்ளலாமா என்று கேளுங்கள். எங்கள் குழுவில் இப்போது இருப்பவர்களில் இருவர் அப்படி வந்தவர்கள்தான். ஞாயிறு மாலை கூடாரம் பிரிக்கும் நேரத்தில் மட்டும் கேட்காதீர்கள். அப்போது கையில் சுத்தியலைக் கொடுத்துவிடுவோம்.